பச்சை விளக்கு எரிந்த ஐந்து மணி நேரம்

கடத்தூர்
18.06.2025

சவுரியப்பன் சாருக்கு,

இங்கே யாரும் நலமாக இல்லை. அங்கே எப்படி என்று கேட்கும் மனநிலையிலும் நான் இல்லை.

உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் போட்ட கத்தலுக்குப் பிறகு அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், விசாரணை முடியும்வரை எல்லாருடைய செய்திகளையும் பார்ப்போம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதனால்தான் இந்தக் காகிதம். ரத்த மாதிரிகளை அரூர் லேபுக்குக் கொண்டுபோகும் வேன் டிரைவர் சென்றாயனிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள். வேறு யார் கையிலும் வேண்டாம்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். பிறகு அப்படி இல்லை, இப்படி என்று யாரும் மாற்றிப் பேசக் கூடாது. 14ஆம் தேதி இங்கே மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. வார்டில் குள்ளம்மாள் என்று ஒரு அம்மா, அறுபது வயது, சிறுநீரகக் கோளாறு. காலையிலேயே ரத்தம் எடுத்து உங்கள் லேபுக்கு அனுப்பியாகிவிட்டது. டூட்டியில் இருந்தவள் மலர்விழி. வார்டுக் கம்ப்யூட்டர் ஜெனரேட்டரில் ஓடியது. திரையின் மூலையில் உங்கள் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பச்சை எரிந்தால் லேபுக்கும் வார்டுக்கும் தொடர்பு நன்றாக இருக்கிறது, ரிசல்ட் வரவில்லை என்றால் இன்னும் தயாராகவில்லை என்று எங்களுக்குப் பாடம் எடுத்ததே நீங்கள்தான். அவளும் அப்படித்தான் காத்திருந்தாள். இரண்டே முக்காலுக்குக் குள்ளம்மாளின் இதயத் துடிப்பு தாறுமாறாகப் போனது. நெஞ்சை அழுத்தி, மருந்து கொடுத்து, எப்படியோ உயிரைப் பிடித்து நிறுத்தி சேலத்துக்கு அனுப்பினார்கள். இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறார். நாலு மணிக்குக் கரண்ட் வந்தபிறகு ரிசல்ட்டுகள் குவியலாக வந்து விழுந்தன. அதில் அவருடையதும் ஒன்று. பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று, இதயத்தையே நிறுத்தும் அளவு. காலையிலேயே தெரிந்திருந்தால் ஊசியோடு முடிந்திருக்கும்.

இப்போது கேளுங்கள். அந்த ரிசல்ட்டின் மேல் நேரம் 10.50 என்று இருக்கிறது. அது லேபில் முடிந்த நேரம். வார்டுக்கு வந்து சேர்ந்த நேரம் எங்கேயும் இல்லை. இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு, "பத்து அம்பதுக்கே ரிசல்ட் வந்திருக்குது, சாயந்திரம் வரைக்கும் அந்தப் பொண்ணு என்ன பண்ணிட்டிருந்துச்சு?" என்று கேட்டார். மலர்விழிக்கு மெமோ. 30ஆம் தேதி விசாரணை. கவனக்குறைவு என்று எழுதி வெளியே அனுப்பினால் இனி எந்த மருத்துவமனையும் அவளை உள்ளே விடாது. இருபத்து மூன்று வயது அவளுக்கு. படித்து முடித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

பதினான்கு வருடமாக இங்கே நர்சுகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஒருத்திக்கும் மெமோ வாங்கிக் கொடுத்ததில்லை. உங்கள் மிஷின் ஐந்து மணி நேரம் செத்துக் கிடந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அதைத்தான் கேட்கிறேன்.

எழிலரசி


அரூர்
20.06.2025

எழிலரசி மேடம் அவர்களுக்கு,

நலம் கேட்க வேண்டாம் என்கிறீர்கள். சரி, கேட்கவில்லை.

"உங்கள் மிஷின்" என்று எழுதியிருக்கிறீர்கள். எது என் மிஷின்? லேபின் சாஃப்ட்வேர் ஒரு கம்பெனி செய்தது, வார்டின் சாஃப்ட்வேர் இன்னொரு கம்பெனி செய்தது. ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. நடுவில் உட்கார்ந்து, இதனிடம் வாங்கி அதற்குப் புரியும்படி கொடுக்கிற இணைப்பு சர்வர்தான் என் பொறுப்பு. அது நின்றால் எல்லாமே நின்றுவிடும் என்று நிர்வாகத்திடம் ஒன்றரை வருடம் மல்லுக்கட்டி இரண்டு சர்வர் வாங்க வைத்தேன். அதற்கு யாரும் எனக்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னதாக நினைவில்லை.

ஒன்று உங்கள் ரெக்கார்டு ரூமில் இருக்கிறது. எப்போதும் வேலை செய்வது அதுதான். இன்னொன்று இங்கே என் மேஜைக்குக் கீழே. அதற்கு வேலையே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். கடத்தூரிலிருந்து பத்து நொடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று ஒரு சமிக்ஞை வரும். ஒரு நிமிடம் வராவிட்டால் இது எழுந்து அதன் வேலையை எடுத்துக்கொள்ளும், என் போனும் அலறும். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யக் கூடாது. செய்தால் ஒரே ரிசல்ட் இரண்டு முறை போய் வார்டில் குழப்பம் ஆகும். அதனால் கடத்தூர் உயிரோடு இருக்கிறவரை இது வாயைத் திறக்காது.

14ஆம் தேதிப் பதிவை வரிவரியாகப் பார்த்துவிட்டேன். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலு வரை ஒரு சமிக்ஞைகூடத் தவறவில்லை. கடத்தூர் "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. என் மேஜைக்குக் கீழே இருந்தது அதை நம்பியது. அதில் என்ன தப்பு?

அந்தச் சமிக்ஞையைக் கொடுப்பது ரெக்கார்டு ரூம் சுவரில் மாட்டியிருக்கும் ரூட்டர். வார்டின் பச்சை விளக்கு எரிவதும் அதை வைத்துத்தான். சர்வரும் ரூட்டரும் ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தன. நானே என் கையால் செருகியது. பேட்டரி தீர்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அன்று பேட்டரி தீர்ந்து பத்தே முக்காலுக்குச் சர்வர் போயிருக்கிறது, ரூட்டர் போகவில்லை. அப்படியானால் யாரோ ரூட்டர் பிளக்கைப் பிடுங்கி வேறு எங்கோ செருகியிருக்கிறார்கள். உங்கள் கட்டடம், உங்கள் ஆட்கள். யார் என்று விசாரித்து எழுதுங்கள். நான் எழுதிக் கொடுப்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

சவுரியப்பன்


கடத்தூர்
21.06.2025

சவுரியப்பன் சாருக்கு,

பிளக் எங்கே இருந்தது, யார் பிடுங்கினார்கள் என்று தேட நான் எலக்ட்ரீஷியன் இல்லை. நான் நர்ஸ். எனக்குத் தெரிந்ததைக் கேட்கிறேன். ஒரு நோயாளி எப்படி இருக்கிறார் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்டுவிட்டு "நன்றாக இருக்கிறார்" என்று சார்ட்டில் எழுதினால் என்னை வேலையில் வைத்திருப்பார்களா? நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று நீங்கள் ரூட்டரைக் கேட்டிருக்கிறீர்கள். அது தன்னைப் பற்றித்தானே சொல்லும்?

இன்னொன்று. போன வருடம் ஒரு சுற்றறிக்கை விட்டீர்கள், நினைவிருக்கிறதா? லேபிலிருந்து வார்டுக்கு யாரும் போன் செய்ய வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டரில் தானாக வந்துவிடும் என்று. அதற்கு முன்னால் உங்கள் லேபில் பூவரசன் ஒரு கெட்ட ரிசல்ட்டைப் பார்த்தால் பதறிப்போய்க் கூப்பிடுவான். "மேடம், ஒன்னு பயமா இருக்குதுங்க, செத்த பாத்துக்குங்க" என்பான். அந்த வாயையும் அடைத்தீர்கள்.

இரண்டு சர்வர் வைத்தேன் என்று பெருமை வேறு. ஒரே ஒரு சவுரியப்பனைத்தானே வைத்தீர்கள்? பாஸ்வேர்டு வேறு யாருக்கும் தெரியாது. உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் இரண்டு மருத்துவமனையும் உங்களோடு சேர்ந்து படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மலர்விழிக்கு வார்டுக்குள் வர அனுமதி இல்லை. ஆனால் தினமும் காலையில் வந்து அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்கிறாள். என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

எழிலரசி


அரூர்
23.06.2025

எழிலரசி மேடத்துக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு சனிக்கிழமை முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் உட்கார்ந்திருந்தபோது, சாமியார் என்ன சொன்னார் என்று ஒன்றும் காதில் ஏறவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் சொன்னது சரி. முதலில் சர்வரில் ஓடும் இணைப்பு நிரலே தன் வாயால் "இருக்கிறேன்" என்று சொல்லும்படிதான் வைத்திருந்தேன். வேலை அதிகமானால் அது மூச்சு வாங்கும், சமிக்ஞை தாமதமாகும். இங்கே இருப்பது அவசரப்பட்டு எழுந்துகொள்ளும். பிறகு நான் ஓடிவந்து ஒன்றைப் படுக்க வைத்து இன்னொன்றை எழுப்ப வேண்டும். ஒரு வருடத்தில் இருபத்து மூன்று தடவை. ஒருமுறை பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒருமுறை மச்சான் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு. ஒருநாள் எரிச்சலில், ரூட்டர் பதில் சொன்னால் போதும் என்று மாற்றிவிட்டேன். தற்காலிகமாகத்தான் செய்தேன். பதினோரு மாதம் ஆகிறது.

சரியான முறை எனக்குத் தெரியாதது இல்லை. இருக்கிறாயா என்று கேட்கக் கூடாது. கடைசியாக எந்த ரிசல்ட்டை எத்தனை மணிக்கு வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாய் என்று கேட்க வேண்டும். செத்தது அதற்குப் பதில் சொல்ல முடியாது. லேபிலும் இதே கதைதான். பூவரசன் திரையில் "அனுப்பப்பட்டது" என்று டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்ததா என்று அந்த டிக்குக்குத் தெரியாது. அவன் பார்த்துவிட்டு அடுத்த குப்பியை எடுத்துவிட்டான். ஒரு ரிசல்ட்கூடத் தொலையாது என்று எல்லாரிடமும் மார் தட்டியவன் நான். உண்மையிலேயே ஒன்றும் தொலையவில்லை, அத்தனையும் வரிசையில் பத்திரமாக நின்றிருக்கின்றன. அதை வைத்து அந்த அம்மாவுக்கு என்ன லாபம்?

நானாகப் போய் அந்த சர்வரின் பிளக்கைப் பிடுங்கி, இங்கே இருப்பது எழுகிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. மாதாமாதம் கரண்ட் போகிறதே, அதுவே சோதனைதானே என்று இருந்துவிட்டேன். இதையெல்லாம் எழுதிக் கொடுத்தால் முதலில் வெளியே போவது நான்தான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மே 17 மின்தடையின்போதும் என் போன் அலறவில்லை. அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அன்று என் மகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பூசை. இன்றாவது என்னை நிம்மதியாக விட்டாயே என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் பிரியாணி பரிமாறப் போய்விட்டேன். அந்த நாளுக்கு முன்னால்தான் பிளக் மாறியிருக்கிறது. யார் மேடம் மாற்றியது?

சவுரியப்பன்


கடத்தூர்
25.06.2025

சவுரிக்கு,

யார், யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான்தான்.

மே 17 மின்தடை என்று பேப்பரில் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. உங்கள் வீட்டிலிருந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போன வாரம் அது. பூசை நடுவில் போன் அலறும், நீங்கள் வெள்ளை வேட்டியோடு எழுந்து ஓடுவீர்கள், அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கும். எலக்ட்ரீஷியன் தீர்த்தகிரியைக் கூப்பிட்டு, ஒருநாள் மட்டும் அந்த மணி அடிக்காமல் இருக்க வழி உண்டா என்று கேட்டேன். அவர் ரூட்டரைக் காட்டி, "இந்த டப்பா அணைஞ்சாத்தானுங்க அரூர்ல மணி அடிக்குது. இத நர்ஸ் ரூம் இன்வெர்ட்டர்ல மாட்டி வுட்டுட்டா சாருக்குத் தொந்தரவே இருக்காதுங்க" என்றார். மாட்டச் சொன்னேன்.

நான் ஒன்றும் தெரியாமல் செய்யவில்லை. மணி அடிக்காவிட்டால் ரிசல்ட் நின்றுவிடலாம் என்று எனக்குத் தெரியும். அதனால் அன்று முழுக்க நான் வார்டிலேயே உட்கார்ந்து, மணிக்கு ஒருமுறை பூவரசனுக்குப் போன் போட்டு, ஒவ்வொரு ரிசல்ட்டாகக் கேட்டுக் கையால் எழுதிக்கொண்டேன். பூசைக்கு வராமல் போனது அதனால்தான். மறுநாள் நீங்கள் கோபித்துக்கொண்டு, "இத்தன வருசம் பழகிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போக முடியலீங்களா" என்று கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். சொல்லிக்காட்டுகிற மாதிரி இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

அன்று ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. பிளக்கைத் திரும்ப மாற்றச் சொல்ல மறந்தேன். மறந்தேன் என்பதுகூட முழு உண்மை இல்லை. மணி அடித்ததும் போனில் நீங்கள் விடும் திட்டு இல்லாமல் ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது, அப்படியே இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு. ஜூன் 14 அன்று நான் தர்மபுரியில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். என் இடத்தில் உட்கார்ந்து போன் போட்டுக் கேட்க ஆள் இல்லை. கேட்க வேண்டும் என்றே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லையே.

14ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் போனில் கத்தியபோது இது எனக்குத் தெரியும். உங்கள் எண்ணைத் தடுத்து வைத்தது கோபத்தால் மட்டும் இல்லை. வெட்கமாக இருக்கிறது, சவுரி. ஐந்து நாள் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

எழில்


அரூர்
27.06.2025

எழில் அக்காவுக்கு,

படித்துவிட்டு முதலில் உங்கள்மேல் ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் என்ன? பிறகு, சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். என் சிஸ்டத்தில் கை வைக்காதீர்கள் என்று பாய்ந்திருப்பேன். நீங்கள் சொல்லாததற்கு நானும் ஒரு காரணம்.

அன்று இணைப்பு சர்வர் எந்த ரிசல்ட்டை எத்தனை மணிக்கு வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது என்ற பதிவு என்னிடம் இருக்கிறது. குள்ளம்மாளின் ரிசல்ட் வார்டுக்கு வந்தது மாலை 4.07க்கு. 10.50க்கு இல்லை. அந்த ஒரு வரி போதும், மலர்விழிமேல் எந்தக் குற்றமும் நிற்காது. நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

இது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முப்பதாம் தேதிக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு நமக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். நாளையிலிருந்து இரண்டு நாள் சென்றாயன் லீவு, வேறு டிரைவர் வருவார். அவரிடம் ஒன்றும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

சவுரி


கடத்தூர்
01.07.2025

சவுரி,

ஏன் கொடுக்கவில்லை?

நேற்று விசாரணை மொத்தம் இருபது நிமிடம். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் மலர்விழி, ஓரத்தில் நான். அவர்கள் கோப்பைப் புரட்டும்போதெல்லாம் உங்கள் பதிவு இதோ வரும், அடுத்த தாளில் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. எனக்கு நகலை அனுப்பினீர்கள். நகல் என்றால் அசல் இயக்குநருக்குப் போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்த நகல் என் கைப்பையில்தான் இருந்தது. பையைத் திறக்கக் கை போனது, போகவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எடுத்து நீட்டினால் ரூட்டர் மட்டும் எப்படி ஓடியது என்பது அடுத்த கேள்வி. நீங்கள் கொடுத்திருப்பீர்கள், அவர்கள் கடைசியில் எடுப்பார்கள் என்ற நினைப்பு பாதி. பயம் பாதி. அதற்குள் முடித்துவிட்டார்கள்.

மலர்விழி ஒரு வார்த்தை பேசவில்லை. எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கடைசியில் இயக்குநர், "நீயா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டீன்னா ரெக்கார்டுல கவனக்குறைவுன்னு வராதும்மா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். 15ஆம் தேதியிலிருந்து வேலையில் இல்லை.

எல்லாரையும்விட எனக்கு என்மேல்தான் ஆத்திரம். அடுத்தபடியாக உங்கள்மேல்.

எழில்


அரூர்
03.07.2025

அக்கா,

நகலை உங்களுக்கு அனுப்பியதே நீங்கள் கொடுப்பீர்கள் என்றுதான். விசாரணை அறையில் நீங்கள் இருப்பீர்கள், நான் இருக்க மாட்டேன். வார்டுக்குப் பொறுப்பு நீங்கள், நீங்கள் நீட்டினால்தான் எடுபடும் என்று நினைத்தேன். முப்பதாம் தேதி காலையிலிருந்து இயக்குநர் எப்போது என்னைக் கூப்பிடுவார் என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்ன கூத்து பாருங்கள். நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று நானும், நான் பார்த்துக்கொள்வேன் என்று நீங்களும். வேலை செய்ய வேண்டியது ஒன்று, அது விழுந்தால் எழ வேண்டியது இன்னொன்று என்று ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டியவன் நான். இங்கே இரண்டுமே எழக் காத்திருந்திருக்கின்றன. யார் கொடுப்பது என்று ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். அந்த ஒரு வரியை எழுத எனக்குத் துணிவில்லை. எழுதினால் நானே போக வேண்டியிருக்குமே.

உங்கள் கடிதம் நேற்று மதியம் கிடைத்தது. இன்று காலை லீவு போட்டுவிட்டு தர்மபுரிக்கு பஸ் ஏறி, நிர்வாக அலுவலகத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவிட்டேன். ரூட்டரைக் கேட்கும்படி மாற்றியது நான். சோதித்துப் பார்க்காதது நான். போன் செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது நான். பிளக்கை மாற்றச் சொன்னதும் நான்தான் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் பெயர் அதில் இல்லை. நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். பேசாமல் இருங்கள்.

அசலைக் கொடுத்துவிட்டேன். இதில் இருப்பது நகல். இந்த முறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

சவுரி


கடத்தூர்
13.07.2025

சவுரி,

பேசாமல் இருங்கள் என்ற உங்கள் உத்தரவு என் கைக்கு வருவதற்கு முன்னாலேயே, 2ஆம் தேதி நானும் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். அது உங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. நீங்களும் அங்கே இருந்தீர்கள், ஆனாலும் வரிசையாக எழுதி வைக்கிறேன். இயக்குநர் இரண்டு காகிதத்தையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஏங்க, இருக்கிறது ஒரு பிளக். அத ரெண்டு பேரும் எப்படிங்க மாத்துனீங்க?" என்று கேட்டார். இரண்டு பேரும் கூடிப் பேசி அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று இரண்டையும் ஒதுக்கி வைக்கப் போனார். முதலில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திறந்தோம். கடைசியில் தீர்த்தகிரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "எழிலரசி மேடம்தாங்க மாட்டச் சொன்னாங்க. சவுரி சாருக்கு அந்த டப்பாவோட பிளக் மாறுனதே தெரியாதுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் உங்கள் 4.07ஐ எடுத்துப் பார்த்தார்கள்.

என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி நான் வார்டில் சாதாரண டூட்டி. உங்களுக்குக் கண்டிப்புக் கடிதம் வரும். நேற்று மின்தடை இல்லையா, நீங்கள் சொன்னபடி அதற்கு முந்தின நாளே சர்வர் பிளக்கை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்தோம். நீங்கள் இப்போது ரூட்டரை விட்டுவிட்டு சர்வரையே கேட்கும்படி மாற்றிவிட்டதால், ஒரு நிமிடத்தில் அரூர் எழுந்துவிட்டது. நீங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்து வைத்திருக்கிறீர்களாமே, பூவரசன்தான் எழுந்ததா என்று பார்த்துவிட்டுப் போன் செய்தான். குள்ளம்மாள் சேலத்திலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நடை தடுமாறுகிறது, ஆனால் நடக்கிறார்.

மலர்விழியின் ராஜினாமாவை ரத்து செய்த உத்தரவை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். இன்று காலை அரூர் போய், தீர்த்தமலை பஸ் பிடித்துப் போனேன். அவள் அம்மா பாஞ்சாலி என்னை உட்காரச் சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். மலர்விழி உத்தரவைப் படித்தாள். மெதுவாக, இரண்டு முறை படித்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத்தான் நானே வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"மேடம், ஒன்னு கேக்கட்டுங்களா?" என்றாள். "விசாரணைக்கு மொத நாளு நீங்க என்னைய கூப்புட்டுச் சொன்னீங்க. சவுரி சார் எல்லாத்தயும் குடுத்துட்டாரு, நீ ஒன்னும் பேசாத, எதிர்த்துப் பேசினா அவங்களுக்குக் கோவம் வரும்னு. அத நம்பித்தானுங்க நான் வாயத் தெறக்கல. எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்துச்சு. பச்ச எரிஞ்சத போன்ல போட்டோ கூட எடுத்து வெச்சிருந்தேன். நீங்க அவரு குடுத்தாரான்னு கேட்டீங்களா மேடம்?"

சவுரி, இதை உங்களிடம் நான் சொல்லவில்லை. எழுதக் கை வரவில்லை. உங்கள் நகல் கிடைத்த சந்தோஷத்தில், அவளைக் கூப்பிட்டு அப்படித்தான் சொன்னேன். கேட்காமலேயே சொன்னேன்.

கேட்கவில்லை என்று அவளிடம் ஒத்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. உத்தரவை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தாள். "நாளைக்கே டூட்டிக்கு வந்துட்றங்க மேடம். வேலய வுட முடியாது. ஆனா இனிமே எனக்காக நீங்க யாருகிட்டயும் பேச வேணாங்க. என்ன இருந்தாலும் நானே கேட்டுக்கறேன், நானே பேசிக்கறேன்" என்றாள்.

பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள். குடை பிடித்தாள். பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்தேன். எந்த ஊருக்கு டிக்கெட் என்று கண்டக்டர் கேட்டார். அரூர் என்று சொல்லிவிட்டு, அங்கே கடத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டேன்.

எழில்